மழைக்காட்டு விடுதியில் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: நான் விலங்கியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெப்பமண்டல மழைக்காடுகளுக்குள் இருக்கும் சுற்றுலா விடுதிகள் சில, ஆய்வாளர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் இடம் தருவதாக அறிவிக்கின்றன. அப்படி ஒரு விடுதிக்கு எழுதிக் கேட்டபோது, மூன்று மாதம் தங்கலாம் என்றும் அதற்கு ஈடாகத் தினமும் மாலையில் விருந்தினர்களுக்கு உரையாற்ற வேண்டும் என்றும் பதில் வந்தது. என் நெறியாளரோ, "சுற்றுலா விடுதியில் செய்த ஆய்வை யார் மதிப்பார்கள்?" என்று கேட்கிறார். அங்கே உருப்படியான கள ஆய்வு செய்ய இயலுமா? எந்தத் தலைப்பை எடுக்கலாம்? உரையாற்றும் நிபந்தனையை ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் நெறியாளரின் ஐயம் பாதி சரியானது. விடுதி என்பது கள ஆய்வு நிலையம் அன்று. எடுத்துக்காட்டாக, பனாமாவில் ஆய்வு நிலையம் உள்ள பாரோ கொலராடோ தீவில் 1980-இல் தொடங்கப்பட்ட 50 ஹெக்டேர் நிலத்துண்டில், ஒரு சென்டிமீட்டர் தண்டுத் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து வருகிறார்கள். அத்தகைய பணிக்கு நிரந்தர ஊழியர்களும் உலர்த்தும் அறைகளும் நூலகமும் பல தலைமுறை ஆய்வாளர்களின் தரவும் வேண்டும். இவற்றில் எதுவும் பெரும்பாலான விடுதிகளில் இராது. இருப்பவை இரவு சில மணி நேரமே ஓடும் ஜெனரேட்டரும், ஈரத்தில் நமுத்துப்போகும் குறிப்பேடும், உணவு நேரத்தை ஒட்டியே நகரும் அன்றாட ஒழுங்கும்தாம். ஆய்வு நிலையத்தில் செய்ய வேண்டியதை விடுதியில் செய்ய முனைந்து, மூன்றாம் வாரத்திலேயே சோர்ந்து திரும்பிய மாணவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

ஆனால் நிலையங்களில் பலவற்றுக்கு வாய்க்காத ஒன்று விடுதியிடம் உண்டு. ஆண்டு முழுவதும், மழையானாலும் வெயிலானாலும், அதே ஆட்கள் அதே பாதைகளில் அதே நேரத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நிதி தீர்ந்தவுடன் ஆய்வுத் திட்டம் நின்றுவிடும். விருந்தினர் வரும் வரை விடுதி நடக்கும். பெருவின் தம்போபாட்டா ஆற்றங்கரையில் பஞ்சவர்ணக் கிளிகள் ஏன் களிமண் சரிவில் கூடி மண் தின்கின்றன என்ற கேள்விக்குக் கிடைத்த விடையில், அங்கே விடுதியாகவும் ஆய்வு மையமாகவும் ஒருசேர நடந்து வரும் ஓரிடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கிளிகள் தேர்ந்து தின்னும் மண் அடுக்கில், அவை தொடாத அடுக்குகளைவிடச் சோடியம் மிகுதி என்பதை நிறுவுவதற்கு, விடியற்காலையில் அந்தச் சரிவின் எதிரே ஆண்டுக்கணக்கில் யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டியிருந்தது. விருந்தினர்களும் அதே காட்சிக்காகத்தான் வந்தார்கள் என்பதால் படகும் ஆளும் மறைவிடமும் என்றும் ஆயத்தமாக இருந்தன. ஆகவே, விடுதியில் ஆய்வு செய்யலாமா என்பதைவிட, அந்த விடுதி விடையளிக்கக்கூடிய கேள்வி உங்களிடம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பு விடுதியின் சாய்வுகளை, அதாவது அங்கே எடுக்கும் தரவை ஒரு பக்கமாக இழுப்பவற்றை, அறிந்துகொள்ளுங்கள். நடைபாதைகள் காட்டின் சராசரியைக் காட்டுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. மேட்டுப்பாங்கான இடம், பெரிய மரங்கள், நீர்நிலையின் காட்சி என்று விருந்தினருக்குப் பிடித்தவற்றை இணைப்பதற்காக வெட்டப்பட்டவை. அவற்றின் வழியே நடந்து விலங்குகளை எண்ணிவிட்டு, "இக்காட்டில் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை குரங்குகள்" என்று எழுத முடியாது. மனிதர்களுக்குப் பழகிய கூட்டங்கள் நெருங்கி வரும்; பழகாதவை விலகும். தேன்சிட்டுகளுக்கு இனிப்பு நீர் தொங்கவிடும் இடங்களில் அப்பறவைகளின் எண்ணிக்கையே செயற்கையானது. முகப்பு விளக்குகள் இரவுதோறும் அந்துப்பூச்சிகளை இழுக்கின்றன, அவற்றைத் தின்னப் பல்லிகளும் தேரைகளும் கூடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விடுதி ஒரே ஓர் இடம். விடுதியை ஒட்டிய காட்டில் இருபது மாதிரிகளும் தொலைவுக் காட்டில் இருபது மாதிரிகளும் எடுத்து ஒப்பிட்டால், நாற்பது சான்றுகள் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இருப்பவை இரண்டு இடங்களே. இந்தப் போலிப் பிரதிகளின் சிக்கலை 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் விரிவாக எடுத்துக்காட்டினார். இருந்தும் விடுதிகளிலிருந்து வரும் ஆய்வேடுகளில் இன்றும் நான் அடிக்கடி திருத்தும் பிழை அதுவே.

இந்தச் சாய்வுகள் குறுக்கே வராத கேள்விகள் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழந்தின்னி வௌவால்களை எடுத்துக்கொள்வேன். இவற்றில் பல இனங்கள் பழத்தை மரத்திலேயே தங்கித் தின்பதில்லை. பறித்துக்கொண்டு சற்றுத் தள்ளியிருக்கும் மறைவிடத்துக்குப் பறந்து, அங்கே தொங்கியபடி சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். காலையில் விடுதித் தாழ்வாரத்தின் ஓலைக் கூரைக்குக் கீழே பாருங்கள்: விரல் நுனியளவு காய்ந்த நார்ச்சக்கை உருண்டைகள், பாதி கடித்த அத்திப்பழம், கடுகினும் சிறிய விதைகள் ஒட்டிய எச்சக் கறை. பணியாளர் ஏழு மணிக்குத் துடைத்துவிடும் அந்த அழுக்கு ஓர் உணவுப் பட்டியல். அமெரிக்கக் கண்டத்துக் காடுகளானால் மிளகுக் குடும்பச் செடிகளும் செக்ரோப்பியா என்னும் மரமும் அத்தியும் அதில் மிகுதியாக இருக்கும். ஆசியக் காடுகளிலும் அத்தி இருக்கும், உடன் வருபவை வேறு. வௌவாலைத் தொடாமலே, வலை கட்டாமலே, மூன்று மாதத்தில் எந்த வௌவால் மறைவிடத்தில் எந்த விதை விழுகிறது என்பதை எண்ணிவிடலாம்.

அதையே ஒரு படி விரித்தால் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி கிடைக்கும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்தபோது எச்சமிடுகின்றன. வௌவால்களோ பறந்துகொண்டே எச்சமிடுவதால் மரமற்ற வெளியிலும் விதை விழுகிறது. மெல்லிய துணி விரிப்புகளைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கட்டி, விடிந்தவுடன் ஒருமுறையும் அந்தி சாயும் முன் ஒருமுறையும் எடுத்துப் பார்த்தால், இரவில் விழுந்தவை வௌவாலுடையவை, பகலில் விழுந்தவை பறவையுடையவை என்று ஏறக்குறையப் பிரித்துவிடலாம். விரிப்புகளை விடுதி முற்றத்தில் மட்டும் கட்டினால் மறுபடியும் ஓரிடச் சிக்கலில் விழுவீர்கள். மழைக்காட்டில் முதுமரங்கள் தாமாக விழுந்து உண்டாக்கும் திறப்புகள் பல இருக்கும். ஒன்றுக்கொன்று போதிய தொலைவில் உள்ள பத்துப் பன்னிரண்டு திறப்புகளையும், ஒவ்வொன்றுக்கும் இணையாக மர உச்சிகள் கூடி மூடிய விதானத்தின் கீழ் ஓர் இடத்தையும் தேர்ந்துகொண்டால், ஒவ்வொரு இணையும் தனிச் சான்றாகும். அந்தத் திறப்புகள் எங்கே உள்ளன என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. எந்தப் புயலில் எந்த மரம் விழுந்து எந்தப் பாதையை மறித்தது என்பது வழிகாட்டிகளுக்குத் தெரியும், ஏனென்றால் அதை வெட்டி அகற்றியவர்கள் அவர்களே.

வேறு தலைப்புகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சருகில் வாழும் எறும்புகளுக்கு உலகெங்கும் ஒரே மாதிரிப் பின்பற்றப்படும் முறை இருக்கிறது: 200 மீட்டர் கோட்டில் பத்து மீட்டருக்கு ஒன்றாக 20 இடங்களில், ஒரு சதுர மீட்டர் சருகைச் சலித்துத் துணிப்பையில் தொங்கவிட்டு எறும்புகள் தாமாகக் கீழே விழக் காத்திருப்பது. மின்சாரம் தேவையில்லை. இனம் பிரித்தறியத்தான் ஆண்டுகள் ஆகும். ஒலிப்பதிவுக் கருவிகள் இப்போது கையடக்கமாகிவிட்டன. விடியல் பறவைக் குரல்களையும் இரவுத் தவளைக் குரல்களையும் பாதையிலிருந்து விலகிய இடங்களிலும் பதிவு செய்யலாம், ஆனால் கன மழை பெய்த இரவுகளின் பதிவில் மழையைத் தவிர வேறெதுவும் கேட்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கிக் கேமராக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய பாலூட்டிகளைப் பற்றிப் பொருள்பட ஏதாவது சொல்ல, ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளியில் பல பத்துக் கேமராக்கள் வேண்டும். விடுதியின் நிலம் அதற்குப் போதாது. நான்கைந்து கேமராக்களில் கிடைப்பது விருந்தினருக்குக் காட்ட நல்ல படம், அவ்வளவே. பூச்சிகளைப் பொறுத்தவரை சிறிய பரப்பு ஒரு குறையன்று. பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் விதானத்திலிருந்து சுமார் 1,200 வண்டினங்களைக் கணக்கிட்டு, அதிலிருந்து வெப்பமண்டலக் கணுக்காலி இனங்கள் மூன்று கோடி இருக்கலாம் என்று 1982-இல் எழுதினார். அந்த மூன்று கோடி மிகை என்பது பின்னர் வந்த பலரின் கருத்து. ஆனால் கேள்வியை எழுப்ப 19 மரங்கள் போதுமாயிருந்தன.

விடுதிகளில் கிடைக்கும் மற்றொரு புதையல், சாப்பாட்டுக் கூடத்தில் கிடக்கும் பார்வைப் பதிவேடு. அன்றன்று என்ன விலங்கைக் கண்டோம் என்று வழிகாட்டிகள் இருபது ஆண்டுகளாக எழுதிவைத்த பேரேட்டைக் கண்டவுடன் எந்த மாணவருக்கும் கை பரபரக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றைப் பிரதி எடுத்து, தபீர் எனப்படும் நீள்மூக்கு விலங்கு ஆண்டின் குறிப்பிட்ட மூன்று மாதங்களில் இரட்டிப்பாகக் காணப்படுவதாகவும், அது பழங்கள் உதிரும் பருவத்தோடு ஒத்துப்போவதாகவும் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். படகோட்டி ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த மூன்று மாதமும் விருந்தினர் கூட்டம் அதிகம். நாளுக்கு ஒரு படகு போன இடத்தில் நான்கு போயின. கண்கள் நான்கு மடங்கானபோது தபீர் இரண்டு மடங்குதான் தெரிந்தது என்றால், அது குறைந்திருந்தது என்றுகூட வாதிடலாம். பதிவேட்டை எடுப்பதானால் அதனுடன் படகுப் பணிப் பட்டியலையும் விருந்தினர் வருகைக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பது தெரியாத பட்டியலில், ஓர் இனம் அங்கே இருந்தது என்பதற்கு மேல் எதையும் படிக்க முடியாது.

இனி அனுமதி. விடுதி உரிமையாளர் "வாருங்கள்" என்று சொல்வது தங்குவதற்கான ஒப்புதலே அன்றி ஆய்வுக்கான அனுமதி அன்று. பெரும்பாலான மழைக்காட்டு நாடுகளில் ஆய்வு அனுமதி தனி; மாதிரி சேகரிக்கும் அனுமதி தனி; அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் அனுமதி தனி. பாதுகாக்கப்பட்ட பகுதியின் உள்ளே ஓர் அலுவலகமும் வெளியே வேறோர் அலுவலகமும் பொறுப்பாக இருப்பதுண்டு. பெருவில் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். உள்நாட்டுப் பல்கலைக்கழகம் அல்லது அருங்காட்சியகம் ஒன்றின் கூட்டாளி இல்லாமல் வெளிநாட்டவரின் விண்ணப்பத்தை ஏற்காத நாடுகளும் உள்ளன. மரபணுப் பகுப்பாய்வு என்ற சொல் உங்கள் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டால், 2010-இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி, அதில் இணைந்த நாடுகளில் முன் ஒப்புதலும் பயன்பகிர்வு உடன்படிக்கையும் தேவைப்படலாம். அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள விலங்கானால், ஓர் இறகோ முடியோகூட எல்லை கடக்கத் தனித் தாள் வேண்டும். முதுநிலை மாணவருக்கு என் அறிவுரை எளியது: எதையும் வெளியே கொண்டுபோகாத ஆய்வைத் தேர்ந்தெடுங்கள். விதைகளை அங்கேயே உருப்பெருக்கியில் படம் எடுத்து, அளந்து, ஒப்புநோக்குத் தொகுப்பை விடுதியிலோ அந்நாட்டு அருங்காட்சியகத்திலோ வைத்துவிட்டு வாருங்கள். அதற்கும் ஆய்வு அனுமதி தேவைப்படலாம். ஆயினும் மாதக்கணக்கில் நீளும் வேலை பெரிதும் குறையும். அனுமதி எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று விடுதி சொன்னால், உங்கள் பெயர் எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியின்றி எடுத்த தரவை நல்ல ஆய்விதழ் எதுவும் வெளியிடாது.

விடுதி நிற்கும் நிலம் யாருடையது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. தம்போபாட்டாப் பகுதியில் எசே எஹா மக்கள் வாழும் இன்ஃபியெர்னோ சமூகம் 1996-இல் ஒரு நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அங்கே எழுந்த விடுதியின் இலாபத்தில் 60 விழுக்காடு சமூகத்துக்குச் சேர்ந்தது. அத்தகைய இடத்தில் மேலாளரின் மின்னஞ்சல் மட்டும் போதாது. சமூகக் கூட்டத்தில் சென்று, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்கள் மொழியில் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். வழிகாட்டி ஒருவரின் காலை நேரத்தை நாள்தோறும் பயன்படுத்துவதானால் அதற்கு ஊதியம் கொடுங்கள். அவர் சொன்ன தகவலால் ஆய்வின் திசையே மாறியிருந்தால், நன்றியுரையில் ஒரு வரியோடு நிறுத்தாமல் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரைச் சேருங்கள்.

உடல் நலம் குறித்து இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வௌவாலைக் கையாளப் போகிறீர்கள் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டு முடித்திருக்க வேண்டும். தொடாமல் ஆய்வு செய்தாலும் போட்டுக்கொள்வது நல்லது. கூரைக்குள் குவிந்த பழைய எச்சத்தைக் கிளறும்போது நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை அதில் இருக்கலாம் என்பதால் தரமான முகக்கவசம் அணியுங்கள். தவளைகளின் பக்கம் போவதானால் ரப்பர் காலணியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து உலர்த்தாமல் ஓடைக்கு ஓடை போகாதீர்கள். 1999-இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைகளை அழித்து வருகிறது, அது ஈரமான காலணியிலும் பயணம் செய்யும். கருவிகளுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறிய மணிகளைச் சமையற்கூடத்தில் வாணலியில் இட்டு மெல்லிய தீயில் வறுத்தால் மீண்டும் பயன்படும். சமையற்காரரிடம் நட்பு பாராட்ட இது ஒரு கூடுதல் காரணம்.

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு எழுத்தில் சில கேள்விகளை அனுப்புங்கள். அந்தக் காடு வெட்டப்படாத முதுகாடா, மீண்டு வளர்ந்ததா. அருகில் வேட்டை நடக்கிறதா. மின்சாரம் எத்தனை மணி நேரம். பாதைகளின் வரைபடம் உண்டா. முன்பு அங்கே ஆய்வு செய்தவர்கள் யார், அவர்களுடைய தரவு யாரிடம் உள்ளது. பாம்பு கடித்தால் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும். கடைசி இரண்டுக்கும் தெளிவான விடை வராத இடத்துக்கு நான் மாணவர்களை அனுப்புவதில்லை. "ஆய்வில் பங்கேற்கலாம்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் அதே பட்டாம்பூச்சிகளை எண்ண வைத்து, அந்தத் தாள்களை அலமாரியில் அடுக்கிவைக்கும் இடங்களும் உள்ளன. முந்தைய தரவு யாரிடம் என்ற கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். இயலுமானால் மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக ஒப்புக்கொள்ளாமல், இரண்டு வாரம் சென்று விரிப்புகளைக் கட்டிப் பார்த்து, நாளொன்றுக்கு எத்தனை விதை விழுகிறது என்று கண்ட பிறகு திட்டத்தை எழுதுங்கள். மூன்று மாதத் தரவு ஒரு பருவத்தைத்தான் காட்டும் என்பதையும் தலைப்பிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெறியாளரின் எதிர்ப்பு அங்கேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

உரையாற்றும் நிபந்தனையை ஏற்கலாம், தினமும் என்பதை மட்டும் ஏற்க வேண்டாம். அந்தி முதல் இரவு ஒன்பது மணி வரை வௌவால்கள் மும்முரமாகத் தீனி தேடும் நேரம். விருந்தினர் உணவு முடித்து உரைக்குக் காத்திருப்பதும் அதே நேரம். வாரத்துக்கு இரண்டு மாலை என்று பேசி முடியுங்கள். முழு நிலவை ஒட்டிய நாள்களை உரைக்கு ஒதுக்குங்கள், ஏனெனில் வெளிச்சமான இரவுகளில் வௌவால்களில் பல இனங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மற்ற நாள்களில் யாராவது ஆர்வமாகக் கேட்டால், தலைவிளக்கும் நீண்ட காலணியும் கொடுத்து, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு விரிப்புகளை எடுக்க உடன் அழைத்துச் செல்லுங்கள்; விதைகளை எண்ணும் வேலையில் இரண்டு கைகள் கூடுதலாகக் கிடைக்கும்.